120 ஆண்டுகள் கழித்துத் தீவான நிலம்

அண்டார்க்டிகாவின் பெரிய தீவு எது என்று கேட்டால், எரிமலையும் பழைய பயணிகளின் குடில்களும் உள்ள ராஸ் தீவைத்தான் பலரும் முதலில் சொல்வார்கள். ராஸ் தீவின் பரப்பு சுமார் 2,460 சதுர கிலோமீட்டர். அதைப்போல ஏறத்தாழ இருபது மடங்கு பெரிய தீவு ஒன்று அண்டார்க்டிகத் தீபகற்பத்தின் மேற்குப் பக்கம் ஒட்டிக் கிடக்கிறது. அலெக்சாண்டர் தீவு: 49,070 சதுர கிலோமீட்டர். சுவிட்சர்லாந்தைவிடப் பெரியது. மனிதர் நிரந்தரமாகக் குடியிராத தீவுகளில் உலகில் இரண்டாவது இடம். முதலிடம் கனடாவின் டெவன் தீவுக்கு.

வடக்கிலிருந்து தெற்கே சுமார் 390 கிலோமீட்டர் நீளம். வடக்கில் 80 கிலோமீட்டராக இருக்கும் அகலம் தெற்கே போகப்போக 240 ஆகிவிடுகிறது. கிழக்குக் கரையோரமாக ஓடும் டக்ளஸ் மலைத்தொடரில் ஸ்டீபன்சன் சிகரம் 2,987 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. இவ்வளவு பெரிய தீவு பேசப்படாமல் கிடப்பதற்கு ஒரு எளிய காரணம் உண்டு. வரைபடத்தில் பார்த்தால் இது தீவாகவே தெரியாது. கிழக்கே தீபகற்பத்துக்கும் இதற்கும் நடுவே கடல் இருக்கிறது, ஆனால் அந்தக் கடல் முழுக்கப் பனி மூடியிருக்கிறது. தென்மேற்கிலும் குடாக்களைப் பனி நிரப்பியிருக்கிறது. வெள்ளையின் மேல் வெள்ளை. எங்கே நிலம் முடிந்து கடல் தொடங்குகிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

இப்படிப்பட்ட இடத்துக்குப் பெயர் வைப்பதில் ஒரு விசேஷமான சிக்கல் இருக்கிறது. இயற்கை அமைப்புகளின் பெயர்களில் பெரும்பாலும் முன்பாதி அடையாளம், பின்பாதி வகை: மலை, ஆறு, தீவு, விரிகுடா. மற்ற இடங்களில் வகையைக் கண்ணால் பார்த்தே எழுதிவிடலாம். பனி மூடிய துருவத்தில் அந்த வகைச்சொல் வெறும் ஊகம். அலெக்சாண்டர் என்ற முன்பாதி 1821-லிருந்து இன்றுவரை மாறவில்லை. பின்பாதி கரை, நிலம், தீவு என்று மாறிக்கொண்டே வந்தது. அந்த மாற்றங்களின் வழியாகத்தான் இந்தத் தீவின் புவியியலைச் சரியாகப் புரிந்துகொள்ள முடியும் என்பது என் கருத்து.

ரஷ்யக் கடற்படையின் பெல்லிங்ஸ்ஹவுசென் வஸ்தோக், மிர்னி என்ற இரண்டு பாய்க்கப்பல்களோடு 1821 ஜனவரி இறுதியில் இந்தப் பக்கம் வந்தார். அதே மாதத்தில் சில நாட்களுக்கு முன்னால் ஒரு சின்னத் தீவைக் கண்டு, அதற்கு ரஷ்யக் கடற்படையை உருவாக்கிய முதலாம் பீட்டரின் பெயரை வைத்திருந்தார். அது முழுசாகக் கண்ணுக்குத் தெரிந்தது, ஆகவே தீவு என்றார். அடுத்து உயர்ந்த மலைகள் கொண்ட ஒரு நிலம் தென்பட்டது. கடற்பனி கப்பலைக் கிட்ட நெருங்கவிடவில்லை. தூரத்திலிருந்துதான் பார்க்க முடிந்தது. ஆட்சியிலிருந்த ஜார் மன்னர் முதலாம் அலெக்சாண்டரின் பெயரை வைத்த அவர், அதைத் தீவு என்றும் சொல்லவில்லை, கண்டம் என்றும் சொல்லவில்லை. கரை என்று எழுதினார். அதன் தெற்கு முனை பார்வைக்கு எட்டாமல் போய்க்கொண்டே இருந்ததால்தான் அந்தச் சொல் என்று காரணத்தையும் குறித்துவைத்தார். பெயர் சூட்டிய மாலுமிகளில் இத்தனை நேர்மையோடு எழுதியவர்கள் குறைவு. கண்ணால் கண்டதற்கு மேல் ஒரு சொல்லும் அவர் கூட்டவில்லை.

பின்னால் வந்த வரைபடங்களில் அது முதலாம் அலெக்சாண்டர் நிலம் ஆனது. 1909-இல் பிரான்சின் ழான் பாப்டிஸ்ட் ஷார்க்கோ 'பூர்குவா பா?' கப்பலில் வந்து வடக்குப் பகுதி மலைகளை வரைந்தார். அங்கே ரூவான், ஆவ்ர் என்று பிரெஞ்சு நகரங்களின் பெயர்கள் நிற்பது அதனால்தான். 1910 ஜனவரியில் மேற்கே இன்னொரு நிலத்தைக் கண்டு, நரம்பியல் மருத்துவரான தன் தந்தையின் நினைவாகப் பெயரிட்டார். ஷார்க்கோ நிலம் என்ற அந்தப் பெயரின் பின்பாதியும் ஊகம்தான்.

அடுத்து நடந்தது எதிர்த்திசைத் தவறு. 1928 டிசம்பர் 20 அன்று ஹூபர்ட் வில்கின்ஸ் டிசெப்ஷன் தீவிலிருந்து விமானத்தில் தெற்கே பறந்தார். அண்டார்க்டிகாவில் விமானத்திலிருந்து புதிய நிலத்தைப் பார்த்து வரைந்தது அதுதான் முதல் தடவை. தீபகற்பத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும் அகலமான வெள்ளைப் பள்ளங்களைக் கண்டு, அவை பனி உறைந்த நீரிணைகள் என்று முடிவுகட்டினார். ஸ்டெபான்சன் நீரிணை, கேசி கால்வாய் என்று பெயர்களும் வரைபடத்தில் ஏறின. தீபகற்பம் முழுவதும் தீவுக்கூட்டம் ஆகிப்போனது. மேலிருந்து சாய்வாகப் பார்க்கும்போது பனியாறு நிரம்பிய பள்ளத்தாக்கும் உறைந்த கடலும் ஒரே மாதிரிதான் இருக்கும். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு மரமோ வீடோ இல்லாத வெளியில், அந்தப் பரப்பு கடல் மட்டத்தில் இருக்கிறதா, ஆயிரம் மீட்டர் உயரத்தில் இருக்கிறதா என்று கண் சொல்லாது. அதே வில்கின்ஸ் 1929 டிசம்பர் இறுதியில் ஷார்க்கோ நிலத்தைச் சுற்றிப் பறந்து, அது தீவு என்று சரியாகவே காட்டினார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நீரிணைகளைத் தேடி 1934-37-இல் ஜான் ரைமிலின் பிரித்தானிய கிரகாம் நிலப் பயணக்குழு நாய்வண்டிகளோடு தரைவழியே போனது. வில்கின்ஸ் சொன்ன நீரிணைகள் இல்லை, தீபகற்பம் முழுவதும் ஒரே நிலம் என்று அவர்கள் கண்டார்கள். தேடியது கிடைக்கவில்லை, தேடாத ஒன்று கிடைத்தது. அலெக்சாண்டர் நிலத்துக்கும் தீபகற்பத்துக்கும் நடுவே தெற்கு நோக்கி நீளும் ஒரு பெரிய பனி வாய்க்கால். 1936 அக்டோபரில் ஆல்பிரட் ஸ்டீபன்சன், லான்சலாட் பிளெமிங், காலின் பெர்ட்ராம் ஆகிய மூவரும் அதன் வழியே 72 பாகை தென்குறுக்கு வரை போனார்கள். அதற்கு ஆறாம் ஜார்ஜ் மன்னரின் பெயர் வைக்கப்பட்டது. தீவின் மிக உயர்ந்த சிகரத்துக்கு இருப்பது இதே ஸ்டீபன்சனின் பெயர்தான். ஆனால் 72 பாகைக்கு அப்பால் அந்த வாய்க்கால் கடலைப் போய்ச் சேர்கிறதா, நிலத்தில் முட்டி நிற்கிறதா என்பது தெரியாமலே இருந்தது. முட்டி நின்றால் அது குடா. அலெக்சாண்டர் ஒரு தீபகற்பம். கடலைச் சேர்ந்தால் அது நீரிணை. அலெக்சாண்டர் ஒரு தீவு.

1940 டிசம்பரில் அதற்கு விடை கிடைத்தது. அமெரிக்க அண்டார்க்டிகப் பணிக்குழுவின் கிழக்குத் தளத்திலிருந்து ஃபின் ரோனேயும் கார்ல் எக்லண்டும் நாய்வண்டியில் கிளம்பி அந்த வாய்க்காலின் முழு நீளத்தையும் கடந்தார்கள். மொத்தம் 84 நாட்கள், சுமார் 2,000 கிலோமீட்டர். வாய்க்கால் தெற்கே போய் மேற்காக வளைந்து பெல்லிங்ஸ்ஹவுசென் கடலில் திறந்தது. பெல்லிங்ஸ்ஹவுசென் பார்த்து ஏறத்தாழ 120 ஆண்டுகளுக்குப் பிறகு அலெக்சாண்டர் தீவானது. வாய்க்காலின் தென்மேற்கு வாய்க்கு ரோனே நுழைவாயில் என்றும், அங்கே பனிக்கு மேலே தலைநீட்டும் சிறு தீவுகளுக்கு எக்லண்ட் தீவுகள் என்றும் பெயர்.

நடந்து கண்டுபிடித்ததற்கு இயற்பியல் சான்றுகளும் உண்டு. அவற்றைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்கலாம்.

ஆறாம் ஜார்ஜ் நீரிணையை நிரப்பியிருப்பது உறைந்த கடல்நீர் அன்று. பெரும்பகுதி தீபகற்பத்தின் பாமர் நிலத்திலிருந்து வழிந்து வரும் பனியாறுகள். அவை கடலில் இறங்கியதும் ஓரிடத்தில் தரையை விட்டு எழும்பி மிதக்கத் தொடங்குகின்றன. அந்த இடத்தைத் தரைதட்டும் கோடு எனலாம். கோட்டுக்கு இந்தப் பக்கம் பனி பாறைமேல் உட்கார்ந்திருக்கும். அந்தப் பக்கம் கடல்மேல் மிதக்கும். மிதக்கும் பகுதிதான் பனித்தட்டு. நீரிணையின் நடுவில் இதன் கனம் பல நூறு மீட்டர். விளிம்புகளை நோக்கி நூறு மீட்டர் அளவுக்கு மெலிகிறது. பாமர் நிலத்திலிருந்து புறப்படும் பனி நீரிணையைக் குறுக்கே கடந்து வந்து அலெக்சாண்டர் தீவின் கிழக்குக் கரையில் மோதுகிறது. போக இடமில்லாமல் நெருக்குண்டு, அப்லேஷன் முனை அருகே வரிவரியான மேடுகளாக எழும்புகிறது.

இப்படி மோதும் பனி, தீவின் சில பள்ளத்தாக்குகளின் வாயை அணைபோல அடைத்துவிடுகிறது. கோடையில் உருகும் நீர் வெளியேற வழியில்லாமல் அங்கே தேங்குகிறது. அப்லேஷன் ஏரி, மூத்தோனே ஏரி இரண்டும் அப்படி உண்டானவை. ஆனால் அணையின் அடி தரையைத் தொடவில்லை. அதன் கீழே கடல் இருக்கிறது. ஆகவே ஏரியின் மேலடுக்கில் நன்னீர், கீழடுக்கில் உப்புநீர். நன்னீர் இலேசானது, மேலே மிதக்கும். பனித்தட்டின் அடிவிளிம்பு எந்த ஆழத்தில் இருக்கிறதோ, அந்த ஆழம் வரைதான் நன்னீர் நிற்க முடியும். அதற்கு மேல் சேர்வது விளிம்புக்கு அடியில் நழுவிக் கடலில் கலந்துவிடும். நன்னீர் அடுக்கின் ஆழத்தை அளந்தாலே பக்கத்துப் பனித்தட்டு எத்தனை ஆழம் மூழ்கியிருக்கிறது என்று தெரிந்துவிடும். ஒரு கயிறும் உப்பு அளக்கும் கருவியும் போதும். ஏரியின் மேற்பரப்புப் பனி கடலின் ஓதத்தோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது. கரையோரத்தில் அதனால் விரிசல் விழுகிறது. 1970-களில் அப்லேஷன் ஏரியின் உப்பு அடுக்கில் ஒரு கடல் மீனும் கிடைத்தது. திறந்த கடலிலிருந்து அத்தனை தூரத்தில், பனித்தட்டுக்கு அடியில் உயிர் வாழ்கிறது என்பதற்கான முதல் நேரடிச் சான்றாக அது 1975-இல் அறிவிக்கப்பட்டது. நிலம் சூழ்ந்ததுபோலத் தெரியும் ஏரியில் கடல் மீன். தீவு என்ற சொல்லுக்கு இதைவிட உறுதியான சாட்சி எனக்குத் தெரிந்து இல்லை. அந்தப் பள்ளத்தாக்கும் அதையடுத்த கானிமீடு மேடுகளும் இப்போது அண்டார்க்டிக உடன்படிக்கையின்கீழ் 147-ஆம் எண் சிறப்புப் பாதுகாப்புப் பகுதி. அனுமதி இல்லாமல் கால் வைக்கக்கூடாது.

இன்று தரைதட்டும் கோட்டைச் செயற்கைக்கோள் ரேடாரைக் கொண்டு கண்டுபிடிக்கிறார்கள். வெவ்வேறு ஓத நிலைகளில் எடுத்த படங்களை ஒன்றோடொன்று கழித்தால், மிதக்கும் பனி மட்டும் ஏறி இறங்கியிருப்பது தெரியும். இன்னொரு வழி மேற்பரப்பின் உயரம். பனியின் அடர்த்தி கனமீட்டருக்கு 917 கிலோ, கடல்நீர் 1,028 கிலோ. அப்படியானால் மிதக்கும் பனியின் மொத்தக் கனம், நீர்மட்டத்துக்கு மேல் தெரியும் உயரத்தைப்போல சுமார் 9.3 மடங்கு. 30 மீட்டர் மேலே தெரிந்தால் மொத்தம் 280 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. இந்தக் கணக்கில் அடிக்கடி சறுக்குமிடம் ஒன்றுண்டு. மேலடுக்கு இறுகாத பனி. அதற்குள் காற்று இருக்கிறது. அந்தக் காற்றின் அளவு 10 மீட்டருக்குச் சமம் என்று வைத்துக்கொண்டால் உண்மையான கனம் 195 மீட்டர்தான். காற்றைக் கழிக்க மறந்தவருக்கு 80 மீட்டர் பனி கூடுதலாகக் கிடைத்துவிடும். ஆறாம் ஜார்ஜ் பனித்தட்டில் கோடையில் மேற்பரப்பு உருகி மறுபடி உறைவதால் காற்று குறைவு. அந்த அளவுக்குப் பிழையும் குறைவு. மற்றப் பனித்தட்டுகளுக்கு அதே திருத்தத்தைப் போட்டால் தப்பாகிவிடும்.

இனி தீவுக்குள் இருக்கும் பெயர்கள்.

கிழக்குக் கரையில் பெயர்கள் நடந்து சம்பாதித்தவை. அங்கே பாறை வெளியே தெரிகிறது, நாய்வண்டிகள் போயிருக்கின்றன. 1935 நவம்பர் 23 அன்று லிங்கன் எல்ஸ்வொர்த் கண்டத்தைக் குறுக்கே கடக்கும் பறத்தலில் இந்தக் கரையைப் படம் எடுத்தார். 1948, 1949-இல் பாக்லாந்து தீவுச் சார்புநில அளவைக் குழு தரையில் அளந்தது. பாஸில் பிளப் என்றால் புதைபடிவச் செங்குத்து; ஜுராசிக், கிரெட்டேசியஸ் காலக் கடலுயிர்கள் அந்தப் பாறையில் கொட்டிக் கிடக்கின்றன. தெற்கே கோல் நுனாடாக். பனியைத் துளைத்து நிற்கும் பாறை முகட்டுக்கு நுனாடாக் என்று பெயர், அதில் நிலக்கரிப் படிவு. சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முந்திய காட்டின் மரங்கள் வேரோடு நின்ற நிலையிலேயே கல்லாகி இந்தத் தீவில் கிடைத்திருக்கின்றன. பார்த்ததை அப்படியே சொல்லும் இந்த வகைப் பெயர்கள்தான் களத்தில் வேலைசெய்பவருக்கு மிகவும் உதவும் என்று நினைக்கிறேன். மலைத்தொடரிலிருந்து நீரிணைக்கு இறங்கும் பனியாறுகளுக்கோ கோள்களின் பெயர்கள்: புதன், வெள்ளி, செவ்வாய், வியாழன், சனி, யுரேனஸ், நெப்டியூன், புளூட்டோ. சூரியனிலிருந்து எண்ணும் வரிசையில் அவை இல்லை என்பதைப் புதிதாக வரைபடம் பார்ப்பவர்கள் கவனிக்க வேண்டும். துணைக்கோள்களின் பெயர்கள் பக்கத்து மேடுகளுக்குப் போயின. மேலே சொன்ன கானிமீடு வியாழனின் நிலவு. 2006-இல் புளூட்டோ கோள் பட்டியலிலிருந்து நீங்கியபோதும் புளூட்டோ பனியாறு அப்படியேதான் இருக்கிறது.

மேற்குப் பக்கத்தின் நிலைமை வேறு. அங்கே யாரும் போகவில்லை. 1947-48-இல் ரோனே தன் சொந்தப் பயணக்குழுவோடு திரும்பி வந்து விமானத்திலிருந்து அந்தப் பகுதியைப் படம் எடுத்தார். மூன்று கேமராக்களை ஒரே நேரத்தில் இயக்கும் முறை: ஒன்று நேராகக் கீழே, மற்ற இரண்டும் இரண்டு பக்கமும் செங்குத்திலிருந்து 60 பாகை சாய்ந்து. ஒரு தொடுவானத்திலிருந்து மறு தொடுவானம் வரை படத்தில் வந்துவிடும். தொடுவானக் கோட்டை வைத்து விமானம் எத்தனை சாய்ந்திருந்தது என்றும் கணக்கிடலாம். ஆனால் படத்தை வரைபடமாக்கத் தரையில் இடம் துல்லியமாக அளக்கப்பட்ட புள்ளிகள் வேண்டும். கிழக்கில் அவை இருந்தன. மேற்கில் இல்லை. பாறையே தலைகாட்டாத வெள்ளைப் பரப்பில் அடுத்தடுத்த படங்களைப் பொருத்தப் பொதுப் புள்ளிகளும் கிடைப்பது அரிது. ஒவ்வொரு படத்தையும் ஒட்டும்போது கொஞ்சம் பிழை சேரும், கரைக்குக் கரை போகப்போகப் பெருகும். 1960-இல் அந்தப் படங்களிலிருந்து தீவை வரைந்தவர் டெரெக் சியர்ல். பின்னால் லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்கள் வந்ததும் மேற்குக் கரையைத் திருத்தி வரைய வேண்டியிருந்ததில் வியப்பில்லை.

சியர்லின் வரைபடத்தில் பெயரில்லாத குடாக்களும் முனைகளும் மலைகளும் ஏராளம். கண்டவர், நடந்தவர் என்று யாரும் இல்லை, பெயர் கொடுக்க. பிரித்தானிய அண்டார்க்டிக இடப்பெயர்க் குழு இசையமைப்பாளர்களை எடுத்துக்கொண்டது. தென்மேற்கில் பீத்தோவன் தீபகற்பம். அதன் ஓரத்தில் பாக் பனித்தட்டு. உள்ளே புகும் குடாக்களுக்கு பிராம்ஸ், வெர்டி, மெண்டல்சோன், ஷூபர்ட், ஹைடன், ஸ்ட்ராவின்ஸ்கி. பனியாறுகளுக்கு சிபேலியஸ், பார்ட்டோக். கரையோரப் பனிப்பரப்புக்கு மோட்சார்ட். வடக்கு மேட்டுநிலத்துக்கு எல்கர். தனித்தனியாகப் பனியிலிருந்து எழும் பாறை முகடுகளின் வரிசைக்கு ஸ்டக்காட்டோ சிகரங்கள் என்று வைத்தார்கள். ஒவ்வொரு சுரத்தையும் வெட்டிவெட்டி வாசிப்பதைக் குறிக்கும் இசைச்சொல் அது. பொருளும் பொருந்தி, தொகுதியிலும் சேர்ந்த பெயர். இந்தத் தீவில் எனக்கு மிகவும் பிடித்தது.

இப்படித் தொகுதியாகப் பெயர் வைப்பதைக் களத்தைப் பார்க்காத மேசை வேலை என்று குறைசொல்பவர்கள் உண்டு. நான் அதை ஏற்கவில்லை. ஒரே மூச்சில் நூறு பெயர் தேவைப்படும்போது, யாருக்கும் அரசியல் கடன் தீர்க்காமல் கிடைக்கும் நல்ல வழி இது. நடைமுறைப் பலனும் உண்டு: பெயரைக் கேட்டதுமே இடம் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். இசையமைப்பாளர் பெயர் வந்தால் அலெக்சாண்டர் தீவு; கோள் பெயர் வந்தால் அதன் கிழக்குக் கரை. கடன் தீர்த்த பெயர்களும் அதே தீவில் இருக்கின்றனவே. நடுவிலுள்ள லெமே மலைத்தொடர், ரோனேயின் பயணத்துக்கு உதவிய அமெரிக்க விமானப்படைத் தளபதி கர்டிஸ் லெமேயின் பெயர். ஜப்பானிய நகரங்கள்மீது நடந்த தீக்குண்டு வீச்சுக்குத் தலைமை வகித்தவர். அந்தப் பெயரை நான் மகிழ்ச்சியோடு எழுதுவதில்லை.

விதிமுறைகளும் இருக்கின்றன. அமெரிக்காவின் இடப்பெயர்க் குழு இயற்கை அமைப்புகளை அளவைப் பொறுத்து மூன்று படிகளாகப் பிரிக்கிறது. பெரிய நிலப்பகுதிக்குப் பெயராக வர மனிதரின் பங்களிப்பும் அந்த அளவுக்குப் பெரிதாக இருக்க வேண்டும். வணிகப் பொருள்களின் பெயர்களும் வண்டி இழுக்கும் நாய்களின் பெயர்களும் பொதுவாக ஏற்கப்படுவதில்லை. முன்னால் வைத்து வழக்கிலிருக்கும் பெயருக்கே முன்னுரிமை. ஆனால் இவை அந்தந்த நாட்டுக் குழுவின் விதிகள், எல்லாரையும் கட்டுப்படுத்தும் மேலதிகாரம் யாருக்கும் இல்லை. பிரிட்டன், அர்ஜென்டினா, சிலி மூன்றும் இந்தத் தீவுக்கு உரிமை கோருகின்றன. 1961-இல் நடைமுறைக்கு வந்த அண்டார்க்டிக உடன்படிக்கை அந்தக் கோரிக்கைகளை இருந்த நிலையிலேயே நிறுத்திவைத்திருக்கிறது. பிரித்தானிய வரைபடத்தில் அலெக்சாண்டர் தீவு. அர்ஜென்டின, சிலி வரைபடங்களில் இஸ்லா அலெஹாந்த்ரோ பிரிமேரோ. ரஷ்ய வரைபடத்தில் இன்னமும் முதலாம் அலெக்சாண்டர் நிலம். 1988-இல் பல்கேரிய நிலவியலாளர்கள் இங்கே வேலைசெய்துவிட்டுப் போனதன் அடையாளமாக வடக்கில் சோபியா பல்கலைக்கழக மலைகள் இருக்கின்றன.

எல்லா நாடுகளின் பெயர்களையும் தீர்ப்புச் சொல்லாமல் தொகுத்துவைத்திருப்பது அண்டார்க்டிக ஆய்வுக்கான அறிவியல் குழுவின் கூட்டுப் பெயரகராதி. இதைப் பயன்படுத்துபவர்கள் வழக்கமாகத் தடுமாறும் இடங்கள் சில. ஒரே மலைக்கு நான்கு நாடுகள் நான்கு பதிவு வைத்திருந்தால் நான்கும் தனித்தனி வரியாக வரும்; அவற்றை நான்கு மலைகள் என்று எண்ணிவிடக் கூடாது. பதிவுகளின் அமைவிடம் பெரும்பாலும் பாகை, கலை (பாகையில் அறுபதில் ஒரு பங்கு) அளவோடு நின்றுவிடும். குறுக்குக்கோட்டில் 1 கலை என்றால் 1.85 கிலோமீட்டர், நெடுங்கோட்டில் 71 பாகைத் தெற்கில் வெறும் 600 மீட்டர். ஆகவே வட்டம் போட்டு அருகிலுள்ள பெயரைத் தேடினால், வடக்கு-தெற்கில் பிழை மூன்று மடங்கு பெரிதாக இருக்கும். பழைய பதிவென்றால் விமானப்படக் காலத்து இடப்பெயர்ச்சியும் இதோடு சேரும். பெயரை நம்பி இடத்தைக் குறிப்பதைவிட, விவரக்குறிப்பில் உள்ள "இன்ன பனியாற்றின் தெற்கே, இன்ன முனையிலிருந்து இத்தனை கடல் மைல்" என்ற வாசகத்தைச் செயற்கைக்கோள் படத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பதே சரியான வழி.

வரைபடத் தளம், அதாவது உருண்டையான பூமியைத் தட்டையாக வரையும் முறை, எது என்பதும் முக்கியம். கைப்பேசியில் வரும் மெர்க்கேட்டர் வகை வரைபடத்தில் 71 பாகைத் தெற்கில் நீளம் மூன்று மடங்கு, பரப்பு ஒன்பது மடங்குக்கு மேல் ஊதிக் காட்டும். அண்டார்க்டிக வேலைக்குப் பயன்படும் துருவ ஸ்டீரியோகிராபிக் தளத்துக்கு வரைபடத் தளங்களின் பட்டியலில் உள்ள எண் இபிஎஸ்ஜி 3031. அதன் அளவுகோல் சரியாக இருக்கும் கோடு 71 பாகைத் தெற்கு, அதாவது இந்தத் தீவின் நடுவே போகிறது. தூரம் அளக்க இதைவிட வசதி வேண்டாம். ஆனால் அந்தத் தளத்தில் மேலே இருப்பது கிரீன்விச் நெடுங்கோடு. அலெக்சாண்டர் தீவுக்கு வடக்கு என்பது இடப்பக்கம். நின்ற தீவு படுத்திருக்கும். கிழக்குக் கரையைத் தேடி வலப்பக்கம் பார்ப்பவர் தெற்கைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

தீவு என்ற சொல்லே எதுவரை பொருந்தும் என்ற கேள்வியும் பாக்கி இருக்கிறது. அலெக்சாண்டருக்கு அடுத்த பெரிய தீவாகச் சொல்லப்படும் பெர்க்னர், வெடெல் கடல் பக்கப் பனித்தட்டுகளுக்கு நடுவே மேடாக நிற்கிறது. 1957-58-இல் அதைக் கண்டுபிடித்த குழுவுக்கும் தலைமை ஃபின் ரோனேதான். ஆனால் அதன் பாறை கடல் மட்டத்துக்குக் கீழே கிடக்கிறது. பனியை எடுத்துவிட்டால் தீவு இல்லை, கடல்தான். ராஸ் பனித்தட்டுக்குள் இருக்கும் ரூஸ்வெல்ட் தீவும் அதே வகை. தீவு என்ற சொல்லை இவற்றுக்கு நான் தயக்கத்தோடுதான் பயன்படுத்துவேன். பெல்லிங்ஸ்ஹவுசென் கடலின் மறுகோடியிலுள்ள தர்ஸ்டன், 1940-இல் தீபகற்பமாகப் பெயர்பெற்று 1960-இல் தீவானது; அது அலெக்சாண்டரின் வழியில் போனது. அலெக்சாண்டரில் பாறை கடலுக்கு மேலே இரண்டாயிரம் மீட்டருக்கும் அதிகமாக எழுந்து நிற்கிறது. பனி முழுவதும் போனாலும் அது நிலமாகவே இருக்கும்.

பனி போய்க்கொண்டிருக்கவும் செய்கிறது. மேற்கே அலெக்சாண்டர், ஷார்க்கோ, லாட்டடி தீவுகளை இணைத்திருந்த வில்கின்ஸ் பனித்தட்டு 2008 பிப்ரவரி இறுதியில் சுமார் 400 சதுர கிலோமீட்டரை இழந்தது. ஷார்க்கோவுக்கும் லாட்டடிக்கும் நடுவே பாலம்போல எஞ்சியிருந்த பனி, குறுகிய இடத்தில் ஒரு கிலோமீட்டருக்கும் குறைவான அகலத்துக்கு மெலிந்து 2009 ஏப்ரல் தொடக்கத்தில் உடைந்தது. வில்கின்ஸ் சுற்றிப் பறந்து தீவென்று காட்டிய ஷார்க்கோ, 80 ஆண்டுகளுக்குப் பிறகு அவர் பெயர் தாங்கிய பனித்தட்டின் பிடியிலிருந்து விடுபட்டது.

கிழக்கில் ஆறாம் ஜார்ஜ் பனித்தட்டு இரண்டு கரைகளுக்கு நடுவே நெருக்கி நிற்பதால் இன்னும் தாக்குப்பிடிக்கிறது. 2019-20 கோடையில் அதன்மேல் உருகல், அதற்கு முந்திய முப்பது ஆண்டுகளுக்கும் மேலான செயற்கைக்கோள் பதிவுகளில் இல்லாத அளவுக்கு நீண்டது. 2025 ஜனவரி 13 அன்று அதன் தெற்கு முகப்பிலிருந்து ஏ-84 என்ற பனிமலை உடைந்து விலகியது. பரப்பு 500 சதுர கிலோமீட்டருக்கும் மேல். அப்போது அந்தக் கடலில் இருந்த பால்கர் டூ என்ற ஆய்வுக்கப்பல் சில நாட்களில் அந்த இடத்துக்குப் போய், ஆளில்லா நீர்மூழ்கியை 1,300 மீட்டர் ஆழம் வரை இறக்கியது. அன்றுவரை பனித்தட்டு மூடியிருந்த கடலடியில் பவளங்களும் பெரிய கடற்பஞ்சுகளும் பனிமீன்களும் கடற்சிலந்திகளும் இருந்தன. கடற்பஞ்சுகள் மிக மெதுவாக வளர்பவை. அவற்றின் அளவைப் பார்த்து, அந்தச் சமூகம் பனிக்கு அடியிலேயே பல பத்தாண்டுகளாக, ஒருவேளை நூற்றாண்டுகளாகவே இருந்திருக்க வேண்டும் என்று குழுவினர் கருதுகிறார்கள். மேலிருந்து வெளிச்சமோ உணவோ இறங்காத அந்த இடத்துக்கு வேண்டியதைக் கடல் நீரோட்டங்கள் கொண்டுவந்து சேர்த்திருக்கலாம் என்பது அவர்கள் இப்போது ஆராய்ந்துகொண்டிருக்கும் விளக்கம்.